லிஃப்டுக்காரரின் சனிக்கிழமைச் சமையல்

லிஃப்டுக்காரர் முதன்முதலாக அடுப்பைப் பற்றவைத்தபோது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் சமையலறைக்குள் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கவும், "இன்னைக்கு என்ன கொடுமை?" என்று மனைவியிடம் கேட்கவும்தான். கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

ஆள் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொண்டுவந்து வைப்பார். ஆனால் வாய் சும்மா இருக்காது. தட்டு முன்னால் வந்ததும் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். "உப்புக்கு இன்னைக்கு லீவா?" என்பார். "இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்பார். கல்யாணமான புதிதில் கம்பெனி நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. முதல் வாயை வைத்தவர் அதை அப்படியே தட்டில் துப்பிவிட்டு, "மன்னிச்சிருங்கப்பா, வெளியில போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள். மனைவி ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே அவர் அதை மறந்துபோனார். அவள் மறக்கவில்லை.

உயரமான கட்டிடங்களில் லிஃப்டு பழுதுபார்ப்பது அவர் வேலை. கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, எண்ணெய் நாற்றமும் இருட்டுமாக இருக்கும் அந்தக் கிணற்றுக்குள் கம்பிக் கயிற்றைத் தடவித் தடவிப் பார்ப்பார். எந்த இழை விட்டிருக்கிறது என்று கை சொல்லிவிடும். ஒருநாள் கால் இடறிக் குழிக்குள் விழுந்தார். குதிகால் நொறுங்கிப்போனது. மருத்துவமனை, ஊன்றுகோல் எல்லாம் முடிந்து திரும்பியபோது கம்பெனி அவரைத் தொலைபேசி அறையில் உட்காரவைத்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அங்கேதான் வரும். "கதவைத் தள்ளாதீங்க. கீழே உட்காருங்க. ஆள் கிளம்பிட்டாங்க" என்று நிதானமான குரலில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதிகாலை வேலை. மதியத்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவர் காலை உடைத்துக்கொண்ட வருடத்தில்தான் அவளைக் கடை முழுவதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஒருநாள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னாள். "மத்தியானமே வந்துடுறீங்க. இனிமே சமையல் உங்களுது. எனக்கும் அடுப்புக்கும் தீர்ந்துபோச்சு."

அவர் தயங்கவே இல்லை. மனதுக்குள் அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்ற நினைப்பு. இத்தனை வருடம் குற்றம் கண்டுபிடித்த நாக்குக்குச் சரிசெய்யவும் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

முதல் கோழி வெளியே கருகி, உள்ளே எலும்பை ஒட்டி ரத்தமாக இருந்தது. அடுத்த நாள் பருப்பு அடிப்பிடித்துப் பாத்திரமே குப்பைக்குப் போனது. கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, "அப்பா, இதைத் தட்டில் வைக்கிறதா, பொதைக்கிறதா?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார். மகளென்றால் அவருக்கு உயிர். அவள் சிரிக்கிறாள் என்பதற்காகவே இன்னும் நாலு கோழியைக் கருக்கியிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியின் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் சாப்பிட வருவது அந்தக் குடும்பத்தில் நெடுநாள் வழக்கம். அக்கா அதிகம் பேசாதவள். தங்கை முகத்தைப் பார்த்தே நடந்துகொள்வாள். அவள் கணவர், லிஃப்டுக்காரரின் சகலை, கட்டில் மேசை விற்கும் கடை வைத்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். மனதில் எதையும் ஒளித்துவைக்கத் தெரியாதவர். பிடித்தால் பிடித்தது என்பார், பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்வார். முதல் சனிக்கிழமை லிஃப்டுக்காரர் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். மேசையே குலுங்கியது. "சகலை, லிஃப்டுல இருந்து விழுந்தது நீங்க. எங்களை ஏன் தள்ளிவிடுறீங்க?" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அதற்கு முன் எப்போதும் கேட்டதில்லை.

கேலி அவரை விரட்டவில்லை. பிடிவாதக்காரர். மதியம் வந்ததும் கைபேசியைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்துவைத்துச் சமையல் வீடியோ பார்ப்பார். ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். வெங்காயம் பொன்னிறமாக வரும்வரை வதக்கவும் என்றால் எந்தப் பொன், எத்தனை பழைய பொன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூண்டு தரையோடு சரியாக வந்து நிற்கவில்லையென்றால் பிரேக்கைத் திரும்பத் திரும்பத் திருகிப் பார்ப்பாரே, அதே போலத் தீயைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். ஒரு வாரம் முழுக்க உருளைக்கிழங்கு மட்டும் செய்தார். வேகவைத்து, சுட்டு, வறுத்து, பாலில் கொதிக்கவைத்து. விரல்களில் கத்திக் காயங்கள். நொண்டும் காலோடு மாலை முழுக்க நின்றுகொண்டே இருப்பார்.

ஒரு கெட்ட பழக்கம் மட்டும் போகவில்லை. பரிமாறிவிட்டு எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது மெல்ல ஆரம்பித்ததும், "எப்படி இருக்கு?" என்று கேட்பார். விழுங்கியதும் மறுபடி கேட்பார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எப்படிச் செய்தார் என்று ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பிப்பார். கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனைவிக்கு அது எரிச்சலாக இருந்தது. மகளும் கொட்டாவி விட்டாள்.

சில மாதங்களில் கை பழகிவிட்டது. சாதாரண நாட்களில் மனைவியும் மகளும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோக ஆரம்பித்தார்கள். எதுவும் சொல்லாதது அவருக்குப் பாராட்டாகவே பட்டது. ஆனால் சனிக்கிழமை வந்தால் மட்டும் ஏதோ கெட்டது. அடுப்பில் இருக்கும்போது அவர் ருசித்துப் பார்ப்பார், எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கும். மேசைக்குப் போனால் உப்பு கரிக்கும். சகலை முதல் வாயிலேயே தண்ணீர்க் குவளையைத் தேடுவார். மேசை குலுங்கும்.

அவர் உப்பை மாற்றிப் பார்த்தார். கரண்டியை மாற்றினார். கையால் போடாமல் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டார். சனிக்கிழமை பதற்றத்தில் கை தவறுகிறதோ என்று சமையலை மதியமே முடித்துவைத்தார். அப்போதும் கரித்தது.

மனைவிதான் அந்த வார்த்தையை முதலில் எடுத்தாள். பாத்திரம் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நாக்கு செத்துப்போச்சு போல. போய்க் காட்டுங்க" என்றாள்.

அவர் போனார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று சொட்டுச் சொட்டாக விட்டு எது என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் லிஃப்டுக்காரர். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் சந்தோஷம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் காலணியைக் கழற்றியபடி, "அப்போ நாக்கு இல்லை. மறதியா இருக்கும். ஒரு தடவை போட்டுட்டு மறந்து இன்னொரு தடவை போடுறீங்க" என்றாள்.

அந்த வார்த்தை அவரை உட்காரவைத்துவிட்டது. அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மகனையே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. உடுத்தியிருக்கும் சட்டை தன்னுடையதுதானா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றி, கடைசிவரை பார்த்துக்கொண்டது இந்த மனைவிதான். தன் கணவனுக்கு எதைக் கண்டால் பயம் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு காரியம் செய்தார். பாத்திரத்தில் உப்பே போடவில்லை. ஒரு துளிகூட இல்லை. தேவையென்றால் அவரவர் போட்டுக்கொள்ளட்டும் என்று மேசைமேல் உப்புக் கிண்ணத்தை வைத்தார். சகலை முதல் வாயை எடுத்து, "சகலை, கடல் தண்ணியையே பிடிச்சுக் கொதிக்கவெச்சுட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லிஃப்டுக்காரர் தன் தட்டிலிருந்து எடுத்து வாயில் வைத்தார். கரித்தது.

உப்பைப் போட்டுவிட்டுப் போடவில்லை என்று நம்பியிருக்கிறோம் என்று பயந்துபோனார். அதற்குப் பிறகு அவர் வேலையிலும் தடுமாறினார். அழைப்பு வந்தால் கட்டிடத்தின் பெயரை மூன்று முறை கேட்டார். ஆள் அனுப்பினோமா என்று அனுப்பிய பிறகும் விசாரித்தார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். ராத்திரி படுத்துக்கொண்டு மகளின் பெயர், அவள் பிறந்த நாள், பள்ளிக்கூடத்தின் பெயர் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். ஆனாலும் சமையலை விடவில்லை. விட்டால் நோய் உண்மை என்று ஆகிவிடும்.

தொலைபேசி அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பாள். நல்ல மனுஷி, கலகலப்பாகப் பேசுவாள். ஒருநாள் காலை தேநீரோடு வந்து கைபேசியை அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு சொல்லவே இல்லையே. என் தங்கச்சி அனுப்பினா. பார்த்தா நம்ம சார்."

'அப்பா கிச்சன்' என்று தலைப்பு. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. சகலை தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். பாத்திரத்தோடு நின்றுகொண்டிருக்கிற தன் முகத்தை அவர் பார்த்தார். அந்த முகத்தை அதற்குமுன் கண்ணாடியில்கூட அவர் பார்த்ததில்லை. புருவம் மேலேறி, வாய் கொஞ்சம் திறந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல இருந்தார். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, கீழே ஏதோ எழுதி, டொங்கென்று ஒரு சத்தமும் சேர்த்திருந்தார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. கோழி, மீன், சூப். சனிக்கிழமை சனிக்கிழமையாக எல்லாம் இருந்தன. சாப்பிடும்போது பாட்டுப் போடுகிறேன் என்று மனைவியின் கைபேசியைத் தண்ணீர்க் கூஜாவின்மேல் சாய்த்து வைப்பாள் மகள். அது எதற்கு என்று இப்போது புரிந்தது.

அதோடு நின்றிருந்தால் அவர் சிரித்துக்கூட இருப்பார். கடைசியாக ஓடியது சமையலறையில் எடுத்தது. கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். அடுப்பின் முன்னால் அவர் நிற்கிறார். கரண்டியால் எடுத்து, ஊதி, ருசித்து, கண்ணை மூடித் தலையாட்டிக்கொள்கிறார். கை கழுவப் போகிறார். மகள் வருகிறாள். உப்பு டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, கிண்டி மூடுகிறாள். கைபேசியைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கிறாள். படம் ஆடியது, எடுத்தவர் அடக்க முடியாமல் சிரித்ததால். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்தது. கல்யாணமான புதிதில் அவருடைய மனைவி அப்படித்தான் சிரிப்பாள், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து. அதைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"பொண்ணு செம குறும்பு சார்" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்மணி. அவருக்குத் தெரிந்தே நடக்கும் விளையாட்டு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. ஏதோ ஒரு கட்டிடத்தில் யாரோ மாட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் ரிசீவரைக் கையில் எடுத்து, கீழே உட்காரச் சொன்னார், கதவைத் தள்ள வேண்டாம் என்றார், ஆள் வரும்வரை விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க ஒரு தப்பும் செய்யவில்லை. மூளை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த நாளில் ஒரு மனிதனுக்கு வர வேண்டிய நிம்மதி அவருக்கு வரவில்லை. கருகினதும் அடிப்பிடித்ததும் தன் கைவேலைதான் என்று தெரியும். மற்றதில் எது தன் கையால் கெட்டது, எது அவர்கள் கையால் கெட்டது? ஒரு சனிக்கிழமை குப்பையில் கொட்டின மீன் உண்மையில் எப்படி இருந்திருக்கும்? இனி அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதுதான் அவரை அரித்தது.

வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வரை வழக்கம்போலச் சமைத்துப் போட்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்கக்கூடச் செய்தார்.

அன்றைக்கு மீனும் உருளைக்கிழங்கும். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, தக்காளி சேர்த்து, கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகு மீனை மெதுவாக இறக்கி, தீயைச் சிறிதாக்கி மூடிவைத்தார். ருசித்தார். அதற்கு முன் அவர் செய்த எதுவும் அப்படி வந்ததில்லை. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போலக் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைக்காமல் கதவோரம் நின்றார். டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். அவர் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, மூடி திரும்ப மூடும்வரை நின்றார்.

எல்லாருக்கும் அவரே பரிமாறினார். மகளின் தட்டை விளிம்புவரை நிரப்பினார். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, நிற்காமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். சகலை முதல் வாயை வைத்தார், கண்ணைப் பிதுக்கினார், மேசையைத் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"எத்தனை கரண்டி போட்டே?" என்று மகளிடம் கேட்டார்.

"என்னப்பா?"

"உப்பு. ரெண்டா, மூணா?"

மனைவி தட்டைப் பார்த்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள். அக்காவுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சகலை ஒருவர் மட்டும், கன்னத்தில் அடக்கிய மீனை மெல்லாமல், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் நடிக்கத் தெரியாத ஆள். அவர் நிஜமாகவே முகம் சுளிப்பதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் அந்த வீடியோவைப் பார்த்தார்கள்.

"சும்மா விளையாட்டுக்குப்பா" என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது.

"தெரியும். சாப்பிடு."

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே குரல். ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் ஒரு வாய் எடுத்து விழுங்கினாள். இரண்டாவது வாய்க்குக் கண் கலங்கியது. தண்ணீருக்குக் கை நீட்டினாள். அவர் குவளையைத் தன் பக்கம் நகர்த்திவைத்தார்.

"சாப்பிட்டு முடிச்சிட்டுக் குடி."

அவள் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பாதித் தட்டில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, மேசைவிரிப்பின்மேலேயே வாந்தி எடுத்தாள். அவர் துணியை எடுத்து அவள் வாயைத் துடைத்தார், சின்ன வயதில் துடைத்துவிட்டது போலவே. துடைத்துவிட்டுத் தட்டை மறுபடி அவள் முன்னால் தள்ளினார்.

"இன்னும் இருக்கு."

"போதும், விடுங்க. குழந்தை" என்றாள் மனைவி.

"எனக்கு மறதி நோய்னு சொன்னப்போ போதும்னு உனக்குத் தோணலையா?"

அவள் நிமிர்ந்தாள். அழுவாள் என்று அக்கா நினைத்திருக்கலாம், கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கப் போனாள். மனைவி அழவில்லை. அவர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். "உங்க சாப்பாட்டுல நாங்க உப்பைப் போட்டோம். என் சாப்பாட்டுல யாரும் எதையும் போடலை. நான் ஒழுங்காத்தான் சமைச்சேன். அப்பவும் துப்புனீங்க. வயித்துல இவளை வெச்சுக்கிட்டு நின்னு சமைச்சேன். துப்புனீங்க."

அவள் எந்த நாளைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததில், யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய நாள் அது இல்லை என்று மட்டும் புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளுக்குள் ஏதோ ஒன்று இனித்துக்கொண்டிருந்தது. மகள் விம்ம விம்ம அது இன்னும் இனித்தது. தனக்குள் அப்படி ஒரு மனிதன் இருக்கிறான் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பயமாகவும் இருந்தது. நிறுத்தவும் மனம் வரவில்லை.

"சாப்பிடு."

சகலைதான் எழுந்தார். தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார். தட்டு உடைந்தது. அக்கா வந்து மகளை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, மாற்றுத்துணி நாலு எடுத்துப் பைக்குள் திணித்தாள். மகள் பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

தண்ணீர்க் கூஜாவின்மேல் சாய்த்திருந்த கைபேசி எல்லாவற்றையும் பிடித்திருந்தது.

மனைவியின் கைபேசியிலிருந்து அது மகளிடம் போனது, மகள் அதை இணையத்தில் போட்டாள். அவர் "சாப்பிடு" என்று சொல்வதில் ஆரம்பித்து, தட்டு உடைவதில் முடிகிற மாதிரி வெட்டிப் போட்டாள். உப்புப் போடுவதைக் காட்டிய பழைய படங்களையெல்லாம் நீக்கிவிட்டாள். 'அப்பா கிச்சன்' அதுவரை பார்க்காதவர்களும் இதைப் பார்த்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே வாந்தி எடுக்க, அவள் அப்பா வாயைத் துடைத்துவிட்டு இன்னும் சாப்பிடச் சொல்கிறார். என்ன மனிதன் இவன் என்று கேட்காதவர் இல்லை.

தொலைபேசி அறைப் பெண்மணி தன் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள். தேநீர் கொண்டுவருவது நின்றது. மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். வீட்டு விஷயம் என்று மட்டும் சொன்னார் லிஃப்டுக்காரர். மேலாளர் அவரை, பயந்துபோனவர்களிடம் பேசுகிற வேலைக்கு இப்படிப்பட்ட ஆள் சரிவராது என்று, உதிரி சாமான்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார். அங்கே பேச யாரும் இல்லை.

மனைவி வீட்டைவிட்டுப் போகவில்லை. கடையிலேயே ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். வந்து துணி மாற்றிக்கொண்டு படுத்துவிடுவாள். இருவரும் சண்டை போடவும் இல்லை. ஒருநாள் அவர் அவளிடம், அந்த நண்பர்கள் வந்த நாளைத்தானே சொன்னாய் என்று கேட்டார். பல நாள் யோசித்து அதைக் கண்டுபிடித்திருந்தார். "எந்த நாளா இருந்தா என்ன" என்றாள் அவள், புரண்டு படுத்தபடி.

அவர் மட்டும் சமைத்துக்கொண்டே இருந்தார். ஒரே ஆளுக்கு அளவாகச் சமைக்கத் தெரியாததால் எப்போதும் மிஞ்சியது.

சில வாரம் கழித்துச் சகலை வந்தார், தனியாக. மகளின் புத்தகங்களும் குளிர்ச் சட்டையும் வேண்டுமாம். மகள் இங்கே வரப்போவதில்லை, அவர்கள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறாள். எப்போதும் வீட்டை நிறைக்கும் குரல் அன்றைக்குக் கீழே இறங்கியிருந்தது. பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். மீனும் உருளைக்கிழங்கும். கேட்காமலே ஒரு கரண்டி எடுத்து நின்றபடியே வாயில் போட்டார். மென்றார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

லிஃப்டுக்காரர் எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. ரொட்டியை அறுத்துத் தட்டோரம் வைத்தார்.

சகலை தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சகலை, முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா?"

"தெரியலை" என்றார் லிஃப்டுக்காரர். "எனக்கும் தெரியலை."

சகலை தலையாட்டினார். எழுந்து பையை எடுத்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, எதையெடுத்தாலும் பாதியில் தட்டைத் தள்ளிவிடுகிறாள் என்றார். "இதுல கொஞ்சம் கொடுத்து விடுங்க. யார் செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன்."

லிஃப்டுக்காரர் பாத்திரத்தைப் பார்த்தார். இன்னும் ஓர் ஆளுக்குத் தாராளமாக இருந்தது.

"வேண்டாம்" என்றார். "யார் செஞ்சதுன்னு தெரியாம அவ சாப்பிட வேண்டாம்."

சகலை பையோடு இறங்கிப் போனார். அவருடைய கனத்த காலடி கீழ்மாடிவரை கேட்டது. லிஃப்டுக்காரர் மிச்சத்தைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மீன் நன்றாக வெந்திருந்தது. முழுவதையும் அவரே சாப்பிட்டார்.